டார்க் ரொமான்ஸ் படிக்கிறவர்கள் யாராவது உண்டா? நான் 212ஆம் பக்கத்தில் நின்றுவிட்டேன்

மழைக்கால வாசகி
சனி, இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே சும்மா வாசித்துவிட்டுப் போகிறவள். எழுதுவது இதுதான் முதல். தக்கலைக்குப் பக்கம் வீடு. சுற்றிலும் ரப்பர், பின்னால் சானல் என்கிற கால்வாய். கணவர் வளைகுடாவில். பிள்ளையும் மாமியாரும் உறங்கிய பிறகு கிடைக்கிற ஒன்றரை மணி நேரம்தான் என் வாசிப்பு. கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு, போன் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்து.

பேய்க்கதை எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். அம்மா வாங்கும் மாத நாவல்களில் பேய் அட்டை போட்டதை மட்டும் ஒளித்து வைத்து வாசிப்பேன். கல்லூரியில் டிராகுலா. 1897இல் வந்த புத்தகம், முழுக்க நாட்குறிப்பும் கடிதமும். அந்த ஆளுக்கென்று ஒரு அத்தியாயம்கூடக் கிடையாது. மற்றவர்கள் எழுதி வைத்ததற்குள்தான் அவன் நடமாடுவான். அதையும் நடுராத்திரியில் முடித்துவிட்டுக் குறட்டை விட்டு உறங்கியவள் நான்.

போன வருடம் தங்கை ஒரு ரீல் அனுப்பினாள். டார்க் ரொமான்ஸ் என்று புதிதாக ஒரு வகை. கறுப்பு அட்டை, மண்டையோடு, ரோஜாப்பூ. கதாநாயகன் கொலைகாரனாக இருப்பான், இல்லை கடத்தல்காரன், இல்லை முகமூடி மாட்டிக்கொண்டு கதாநாயகியின் பின்னாலேயே அலைகிறவன். சரி, பார்க்கலாம் என்று ஒன்றை எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், பிடித்திருந்தது. மூன்று நாளில் முடிந்தது. உடனே இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. மீன் புளிமுளம் அடுப்பில் அடிப்பிடித்தது எல்லாம் இந்தக் காலத்தில்தான்.

நாலாவது புத்தகத்தில்தான் சிக்கல். அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து அவன் வீட்டுக்குள் வந்து போகிறான். எதையும் எடுப்பதில்லை. அடுக்களையில் ஒரு கோப்பையை மட்டும் இடம் மாற்றி வைக்கிறான். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், அவசரமே இல்லாமல். அதை வாசித்த ராத்திரி தாகம் எடுத்து அடுக்களைக்குப் போனேன். மணி ஒன்று இருக்கும். பின்கதவின் கொண்டி எடுத்துக் கிடக்கிறது. எப்போதும் ஜன்னல் படியில் இருக்கும் மாமியாரின் சுண்ணாம்பு டப்பா அம்மிக்கல் மேலே இருக்கிறது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கதவு திறந்தது. மாமியார்தான். மழை வருமுன்னே விறகை உள்ளே எடுத்துப் போடப் போனாராம். டார்ச்சை என் முகத்தில் அடித்து, "என்ன பிள்ளே, யட்சியைக் கண்டவ மாதிரி நிக்கிய?" என்றார்.

மறுநாள் நானும் சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். 212ஆம் பக்கம் வரைக்கும். அங்கே நின்றதுதான், இரண்டு மாதமாகப் புத்தகம் அப்படியே கிடக்கிறது. ரத்தம் குடிக்கிறவனைத் தாங்குகிற மனசு இவனை ஏன் தாங்கவில்லை? உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

குளச்சல்காரி
சனி, இரவு 11.52

முதல் பக்கத்து எச்சரிக்கையை வாசித்தீர்களா? இந்த வகையில் என்னென்ன கொடுமை உள்ளே வருகிறது என்று பட்டியல் போட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். நானும் முதலில் தாண்டிவிடுவேன். இப்போது அதை மட்டும் ஒழுங்காக வாசிக்கிறேன். சில சமயம் அதை வாசித்ததே போதும் என்று மூடியும் வைத்திருக்கிறேன்.

பால்வெட்டு
ஞாயிறு, காலை 9.05

குலசேகரத்திலிருந்து. நான் காதல் கதை வாசிக்கிற ஆள் இல்லை. ஆனால் பயத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டத் தோட்டத்துக்குள் போகிறவன் நான். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் அந்த நேரம்தான். லைட் எங்கே விழுகிறதோ அங்கே ஒரு மரம், ஒரு சிரட்டை. மற்ற எல்லாம் கறுப்பு. ஒரு காதில் மட்டும் ஹெட்போன் மாட்டிப் பேய்க்கதை கேட்பேன். மற்ற காது பன்றிக்கும் பாம்புக்கும்.

எங்கள் தோட்டத்து மூலையில் ஏழிலைப்பாலை ஒன்று நிற்கிறது. ஐப்பசி கார்த்திகையில் பூத்தால் அந்த மணம் தலைக்கு ஏறும். தாத்தா சொன்ன யட்சி அங்கேதான். வெள்ளைச் சேலை, அவிழ்த்த முடி. ஒற்றையாகப் போகிற ஆம்பிளையிடம், "வெற்றிலைக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு தருவியளா?" என்று கேட்பாள். கொடுக்கக் கை நீட்டினவனுடைய முடியும் நகமும் மட்டும் மறுநாள் பனைமூட்டில் கிடக்கும். சுண்ணாம்பைக் கையில் கொடுக்காமல் கத்தி முனையில் வைத்து நீட்டினால் தப்பலாம் என்பது தாத்தாவின் யோசனை. நான் வெற்றிலை போடுவதில்லை. கத்தி கையில் எப்போதும் உண்டு.

இந்தக் கதையை நினைத்தால் எனக்குப் பயம் வரும், ஆனால் ருசியான பயம். ஒரு நாள் உண்மையிலேயே தோட்டத்துக்குள் வேறு ஒரு டார்ச் வெளிச்சம் அசைந்தது. ஒட்டுபால், அதாவது உறைந்து ஒட்டின ரப்பர் பால், திருட வந்தவன். அன்றைக்கு எனக்கு வந்த பயத்தில் ஒரு ருசியும் இல்லை. உங்கள் மாமியாரின் சுண்ணாம்பு டப்பாவை வாசித்ததும் இது ஞாபகம் வந்தது, அதான் எழுதினேன்.

வக்கீல் ஆகப்போகிறவன்
ஞாயிறு, காலை 9.40

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். புதுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, பின்தொடர்தல். முதல் தடவை மூன்று வருடம் வரை, மறுபடியும் செய்தால் ஐந்து வருடம் வரை. பழைய சட்டத்தில் இது தனிக் குற்றமாகச் சேர்ந்ததே 2013இல்தான். வீடு புகுந்ததற்குத் தனிப் பிரிவு. அக்கா வாசித்த கதாநாயகன் எங்கள் ஊரில் இருந்தால் 50ஆம் பக்கத்தில் ஜாமீனுக்கு அலைந்துகொண்டிருப்பான்.

நைட் ட்யூட்டி
ஞாயிறு, மாலை 4.15

தம்பி, சட்டம் எங்களுக்கும் தெரியும். இந்தக் கதைகளை வாசிக்கிறவர்கள் எல்லாரும் புத்தி கெட்டவர்கள் என்கிற தொனி எல்லா இடத்திலும் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் நர்ஸ். மாதத்தில் பாதி ராத்திரி வேலை. இரண்டு மணிக்கு மருந்து கொடுத்து முடித்தால் நாலு மணி வரை ஒரு மயான அமைதி, அப்போது வாசிப்பேன். டார்க் ரொமான்ஸ் முப்பதுக்கு மேல் முடித்திருக்கிறேன். அதில் பாதி குப்பை. தமிழில் ஆன்லைனில் வருகிற ஆன்டி ஹீரோ கதைகளையும் விடுவதில்லை. கட்டாயத் தாலி, ஒப்பந்தக் கல்யாணம், கை ஓங்குகிற கோடீஸ்வரன். அவற்றில் முக்கால்வாசி குப்பை.

எதற்கு வாசிக்கிறாய் என்று தங்கச்சி கேட்டபோது யோசித்துப் பார்த்தேன். எனக்கு அவனுடைய துப்பாக்கியோ முகமூடியோ பெரிதில்லை. அவன் அவளைக் கவனிக்கிறான். எந்தக் கையால் முடியை ஒதுக்குகிறாள், எந்தப் பாட்டுக்கு முகம் மாறுகிறது, எல்லாம் அவனுக்குத் தெரியும். என் வீட்டில் 11 வருடமாகக் கூட இருக்கிறவருக்கு நான் சாயாவில் சீனி போடுவதில்லை என்பது இன்னும் தெரியாது. நல்ல மனுஷன், குறை சொல்லவில்லை. ஆனால் போன வாரமும் சீனி போட்டுத்தான் கொண்டு வந்தார், நானும் குடித்தேன்.

என்னை யாராவது அப்படிப் பின்தொடர்ந்தால் செருப்பைக் கழற்றிவிடுவேன். புத்தகத்தில் அவனை நிறுத்த வேண்டுமென்றால் விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும், நின்றுவிடுவான். அந்த வசதி போதும் எனக்கு.

நூலகத்துப் பூனை
ஞாயிறு, மாலை 6.30

புதிய வகை என்று சொன்னீர்கள், அவ்வளவு புதிதில்லை. ஆங்கிலத்தில் கோத்திக் என்கிற கோட்டைத் திகில் கதைகளுக்கு மூத்ததாகச் சொல்லப்படும் ஓட்ரான்டோ கோட்டை நாவல் 1764இல் வந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஒரு ராட்சதத் தலைக்கவசம் விழுந்து நசுங்கிச் சாகிறான். அவனுடைய அப்பன், மணப்பெண்ணை நானே கட்டிக்கொள்கிறேன் என்கிறான். அவள் நிலவறைச் சுரங்கத்துக்குள் இறங்கி ஓடுகிறாள். 260 வருடமாக அந்தப் பெண் ஏதாவது ஒரு கோட்டைக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறாள். டார்க் ரொமான்ஸில் ஓட்டத்தை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறாள், அவ்வளவுதான். நடுவே 1847இல் வந்த வுதரிங் ஹைட்ஸில் ஹீத்கிளிஃப் செத்துப்போன காதலியின் சவப்பெட்டியையே திறந்து பார்க்கிறான். அவனை வில்லன் என்பதா காதலன் என்பதா என்று இன்னும் சண்டை ஓயவில்லை.

டிராகுலாவைச் சொன்னீர்களே, அதற்கு 25 வருடம் முன்னாலேயே, 1872இல் கார்மில்லா வந்துவிட்டது. அதில் ரத்தம் குடிப்பவள் பெண். அவள் தேடி வருவதும் ஒரு பெண்ணை. கடித்துவிட்டுப் போகிறவள் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பிரியமாகப் பேசுவாள். எனக்கு டிராகுலாவைவிட அதுதான் கூடுதல் நடுக்கம்.

கோத்திக்குக் கோட்டை வேண்டும் என்பார்கள். நமக்குப் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. கண்ணாடி மாதிரி மினுங்கும் கறுப்புத் தரை, குனிந்து ஏறுகிற மரப்படிகள், பகலிலும் இருட்டான இடைகழிகள். 1993இல் வந்த மணிச்சித்ரதாழு என்ற மலையாளப் பேய்ப்படத்தின் சில காட்சிகளை அங்கேதான் எடுத்தார்கள். அப்படியிருந்தும் அங்கே நடக்கிற மாதிரி ஒரு தமிழ் கோத்திக் நாவலை நான் வாசித்ததில்லை. யாராவது எழுதுங்களேன்.

மழைக்கால வாசகி
ஞாயிறு, இரவு 11.10

நைட் ட்யூட்டி அக்கா, சாயா விஷயத்தை வாசித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். 212ஆம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஒன்றும் பெரிதாக இல்லை. கொலை இல்லை, படுக்கை இல்லை. அவன் அவளிடம் சொல்கிறான்: உன் பஸ் எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியும், அது தப்பினால் அடுத்ததில் எந்த ஜன்னலோரம் உட்காருவாய் என்பதும் தெரியும். அவளுக்கு வெட்கம் வருகிறது. அத்தியாயம் முடிகிறது.

கல்லூரி இரண்டாம் வருடம், வடசேரியில் 5.40 வண்டி. ஒருத்தன். நாலு மாதம். பேசினதே இல்லை. எனக்கு இரண்டு சீட் பின்னால் உட்காருவான். ஒரு நாள் வேண்டுமென்றே 6.10க்குப் போனேன், அதிலும் இருந்தான். பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி என்று ஒவ்வொரு நிறுத்தமும் எண்ணிக்கொண்டு வருவேன், இறங்கிவிட மாட்டானா என்று. சின்ன வயதில் கள்ளியங்காடு வந்தால் அங்கே இருப்பதாகச் சொல்லும் நீலிப் பேயை நினைத்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். அந்த நாலு மாதமும், இப்போது நீலி வந்து வண்டியில் ஏறினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்ததுண்டு.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். நாலாம் மாதம் அவன் தானாகவே காணாமல் போனான். யார், எந்த ஊர், எதுவும் தெரியாது. அவனுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது.

அக்கா சொன்ன அதே கவனிப்புதான். அதனால்தான் பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறேன்.

வில்லடிச்சான் பிள்ளை
திங்கள், காலை 7.30

பிள்ளைகள் பேசுவதை வாசித்தேன். எனக்கு இங்கிலீஷ் புத்தகம் தெரியாது. ஆனால் முப்பது வருடம் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுக்குக் குடம் அடித்தவன். நீலி கதை எத்தனை ராத்திரி பாடியிருப்போம் என்று கணக்கில்லை. மகள் கள்ளியங்காட்டைச் சொன்னதால் எழுதுகிறேன்.

அதுவும் காதல் கதைதான், யாரும் அப்படிச் சொல்வதில்லை. முற்பிறவியில் அவள் ஒரு தாசியின் மகள். அவளிடம் மயங்கின பார்ப்பான் கைப்பொருள் எல்லாம் தீர்ந்து போனதும் தாய்க்காரியால் விரட்டப்படுகிறான். மகளுக்கு மனசு கேட்கவில்லை, நகையோடு அவன் பின்னாலேயே போகிறாள். காட்டில் அவன் மடியில் தலை வைத்து உறங்குகிறாள். உறங்குகிறவள் தலையில் கல்லைப் போட்டு நகையை எடுத்துக்கொண்டு போகிறான். சாட்சி ஒரு கள்ளிச்செடி மட்டும்.

மறுபிறவியில் அவன் வணிகன், இவள் நீலி. கள்ளிக் கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபைக்கு வருகிறாள், இவர் என் புருஷன் என்கிறாள். அவன் இல்லவே இல்லை என்கிறான். எத்தனை தரம் சொன்னாலும் கேட்பாரில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும் என்று எழுபது வெள்ளாளரும் உயிரைப் பிணை வைத்து இரண்டு பேரையும் ஒரே அறையில் விடுகிறார்கள். காலையில் அவன் வயிறு கிழிந்து கிடக்கிறான். பிணை நின்ற எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

அந்த இடம் பாடும்போது பாட்டை நடத்துகிற அண்ணாவி வீசுகோலை மெதுவாக்கிவிடுவார். உடுக்கும் அடங்கும். "இவ எனக்க பெண்டாட்டி இல்ல" என்று அவன் கெஞ்சுகிற அடியை இரண்டு தரம் பாடுவோம். ஆண்கள் பக்கம் ஒரு சத்தம் இருக்காது. பெண்கள் பக்கத்தில் ஏதாவது ஒரு கிழவி, "நல்லா வேணும்" என்பாள். எல்லாக் கொடையிலும் ஒருத்தி சொல்லுவாள். நான் அதற்காகவே காத்திருப்பேன்.

இன்னொன்றும் உண்டு. நம் மாவட்டத்துக் காஞ்சிரக்கோட்டு யட்சி. சிருதேவி என்ற அழகி தன் பல்லக்குத் தூக்கி குஞ்ஞுராமன் மேல் ஆசைப்பட்டு, அவன் பெண்டாட்டியைக் கொல்ல ஏற்பாடு செய்கிறாள். விஷயம் தெரிந்து அவன் இவளைக் கொல்கிறான். யட்சியாகப் பிறந்து வந்தும் அவனைத்தான் தேடுகிறாள். கடைசியில் ஒரு உடன்படிக்கை: ஒரு வருடம் அவனோடு வாழலாம், அப்புறம் கோயிலில் அடங்கிவிட வேண்டும். இடத்துக்கு இடம் கதை கொஞ்சம் மாறும். ஒப்பந்தக் கல்யாணம் என்று நர்ஸ் மகள் எழுதினதை வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நேர்மை 77
திங்கள், காலை 8.10

நீலி எங்களுக்கு இசக்கியம்மன். அம்மனை ஆபாசப் புத்தகங்களோடு சேர்த்துப் பேசுவது சரியில்லை. கொடை எடுக்கிற குடும்பம் எங்களுடையது. இழையைப் பூட்டுங்கள்.

வில்லடிச்சான் பிள்ளை
திங்கள், காலை 8.45

நானும் மேலாங்கோட்டு அம்மன் கோயிலில் எண்ணெய் ஊற்றுகிறவன்தான் தம்பி. முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் வண்டியை நிறுத்திக் கும்பிடாமல் தாண்டினதில்லை. அம்மன் எப்படி அம்மன் ஆனாள் என்பதை மறைத்துப் பாடினால் அது கொடை ஆகாது. அவள் கையில் இருக்கிற பிள்ளை யார் என்று பேரப்பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

நைட் ட்யூட்டி
செவ்வாய், அதிகாலை 2.25

மழைக்கால வாசகி, முந்தாநாள் நான் எழுதினது உங்களைக் குத்தியிருந்தால் மன்னிக்கணும். குத்த எழுதவில்லை. ஆனால் எழுதினதைத் திரும்பப் பெறவும் மாட்டேன், அது என்னுடைய உண்மை.

வார்டில் சுற்றி வரும்போது ஒன்று தோன்றியது. காதல் நாவல் என்றால் கடைசியில் இரண்டு பேரும் சேர வேண்டும், அது அந்த வகையின் கட்டாயம். எவ்வளவு கறுப்பு அட்டை போட்டாலும் அது மாறாது. பேய்க்கதைக்கு அப்படி ஒரு கடமை இல்லை. நீலி அவனைக் கிழித்துவிட்டுப் போகலாம். உங்கள் பஸ் ஆள் பேய்க்கதைக்குள் வந்திருந்தால் நீங்கள் 212ஐத் தாண்டியிருப்பீர்கள், அவனுக்கு என்ன ஆகும் என்று பார்க்கவாவது. இங்கே அவனுக்கு ஒன்றும் ஆகாது. அது முதல் பக்கத்திலேயே உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு அந்தத் தைரியம் இருப்பதால்தான் வாசிக்க முடிகிறது. உங்களுக்கு அதே காரணத்தால் முடியவில்லை.

ஐந்தாம் படுக்கைத் தாத்தா கூப்பிடுகிறார். வருகிறேன்.

குளச்சல்காரி
செவ்வாய், காலை 10.00

கடைசிப் பத்தியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மழைக்கால வாசகி
வியாழன், மதியம் 2.40

முடித்துவிட்டேன். ராத்திரி இல்லை, பட்டப்பகலில். நாகர்கோவிலில் ஒரு வேலை இருந்தது, போகும்போதும் வரும்போதும் பஸ்ஸிலேயே வாசித்தேன். இரண்டு தரமும் கண்டக்டருக்குப் பக்கத்து சீட்.

212 தாண்டினதும் கொஞ்ச நேரம் கை வியர்த்தது. அப்புறம் கதை வழக்கமான பாதைக்கு வந்துவிட்டது. அவளைக் கொல்ல வேறு ஒருத்தன் வருகிறான், இவன் காப்பாற்றுகிறான். இவனைவிடக் கெட்டவன் ஒருத்தனைக் கொண்டு வந்துவிட்டால் இவன் நல்லவனாகிவிடுகிறான் என்பதுதான் கணக்கு. அந்த இடம் சுமார். கடைசியில் கல்யாணம், ஆற்றங்கரையில் வீடு, இரட்டைப் பிள்ளைகள்.

எனக்குள் நின்றது வேறு. 212க்கு அப்புறம் அந்தப் பெண் ஒரு தடவைகூட பஸ்ஸில் ஏறவில்லை. நான் திரும்பப் போய்ப் பார்த்தேன். எங்கே போக வேண்டுமானாலும் அவன் காரில் கொண்டு விடுகிறான், வேலை முடிகிற நேரத்துக்கு வாசலில் நிற்கிறான். அதை ஆசிரியர் சந்தோஷமாகத்தான் எழுதியிருக்கிறார்.

நைட் ட்யூட்டி அக்கா, ஐந்தாவது புத்தகம் வாங்கியாகிவிட்டது. திட்டாதீர்கள். இதில் பின்தொடர்கிறவள் பெண்ணாம். பூனை சொன்ன கார்மில்லாவையும் இறக்கி வைத்திருக்கிறேன்.

வில்லுக்காரப் பெரியவர் எழுதினதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். பாக்கை மென்றுகொண்டே கேட்டார். எழுபது பேரும் தீயில் இறங்குகிற இடத்தில், "நல்லா வேணும்" என்றார்.

வில்லடிச்சான் பிள்ளை
வியாழன், மாலை 5.15

அவங்க எந்த ஊர்க் கொடையில கேட்டவங்கன்னு விசாரிச்சுச் சொல்லு மக்களே. நான் குடம் அடிச்ச இடமா இருக்கும்.